கரும்புகை கேட்பது காற்றை

மாணவர்களே, காராக் நெடுஞ்சாலை மேட்டில் பாரம் ஏற்றிய லோரி கரும்புகை கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தப் புகை. அப்படியிருக்க, சக்தியைக் கூட்ட இன்னும் எதையாவது உள்ளே செலுத்துவது சரியா? மூன்று வழிகளை ஒப்பிடுவோம்.

டீசல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை 14 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது உண்டாகும் சூடே எரிபொருளைப் பற்றவைக்கிறது.

முதல் வழி, உள்ளே போகும் காற்றோடு எல்பிஜி கலப்பது. சக்தி கூடும், ஆனால் ஆக்சிஜன் கூடாது. அளவு மிஞ்சினால் வாயு நேரத்துக்கு முன்பே பற்றி, பிஸ்டனைச் சிதைக்கலாம்.

இரண்டாவது, நைட்ரஸ் ஆக்சைடு. இது எரிபொருள் அல்ல. இதன் எடையில் 36 விழுக்காடு ஆக்சிஜன். காற்றிலோ 23 விழுக்காடுதான். ஆனால் தோம்பு விரைவில் காலியாகும். இயந்திரத்தின் வெப்பமும் அழுத்தமும் எகிறும்.

மூன்றாவது, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த தூவல். படிவம் 4 இயற்பியலின் உள்ளுறை வெப்பம் இங்கே கைகொடுக்கிறது. 1 கிலோகிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. டர்போ சூடாக்கிய காற்று இதனால் குளிர்ந்து அடர்த்தியாகிறது. மெத்தனாலும் எரிந்து சக்தி தருகிறது.

என் ஓட்டு மூன்றாவதற்கே. ஆனாலும் மெத்தனால் நஞ்சு. அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் முதலில் அதை மாற்றுவதே மலிவான வழி.

இனி இத்தகைய விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? வெப்பம் எங்கே போகிறது?