கல்லீரலில் கட்டி... பித்தநாளப் புற்றுநோயா? சிடி ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் கல்லீரலில் கட்டி தெரிகிறது. "சிடி ஸ்கேன் எடுக்கணும்" என்கிறார் மருத்துவர். அதையும் எடுத்தாச்சு. இப்போது, "ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்க்கணும்" என்கிறார்.

அப்போ ஸ்கேன் எதுக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கல்லீரலில் உருவாகும் புற்றுநோய் ஒரே வகை அல்ல. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பித்தநாளப் புற்றுநோய் என்றால் என்ன?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்பவை பித்தநாளங்கள். கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் நாளங்களிலும் புற்றுநோய் உருவாகலாம். கல்லீரலில் தொடங்கும் புற்றுநோய்களில் கல்லீரல் உயிரணுப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுதான்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மஞ்சள் காமாலைகூட வராமல் போகலாம். அதனால் பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது.

ஸ்கேன் எப்படி அடையாளம் காட்டுகிறது?

ரத்த நாளத்தில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, கல்லீரலைப் பல முறை படமெடுப்பார்கள்.

● சுமார் 30 விநாடியில்: கல்லீரல் உயிரணுப் புற்றுநோய் பொதுவாகப் பளிச்சென்று தெரியும். பித்தநாளக் கட்டியில் பெரும்பாலும் ஓரம் மட்டும் வளையம்போல் ஒளிரும்.

● சுமார் 70 விநாடியில்: முதல் வகை மங்கத் தொடங்கும். பித்தநாளக் கட்டியில் மருந்து மெல்ல உள்ளே பரவும்.

● 3 நிமிடத்துக்கு மேல்: பித்தநாளக் கட்டியின் நடுப்பகுதி ஒளிரும். அதில் நார்த்திசு அதிகம். மருந்து தாமதமாக நுழைந்து, தாமதமாகவே வெளியேறும்.

கட்டிக்குப் பின்னால் பித்தநாளம் வீங்கியிருப்பதும், கல்லீரலின் மேற்பரப்பு உள்வாங்கியிருப்பதும் கூடுதல் தடயங்கள்.

அப்படியும் ஏன் திசுப் பரிசோதனை?

குடல், கணையம் போன்ற இடங்களிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயும் ஏறக்குறைய இதே மாதிரி தெரியலாம். கல்லீரல் இறுகிப்போனவர்களிடம் சிறிய பித்தநாளக் கட்டி, உயிரணுப் புற்றுநோய்போல் தோன்றி ஏமாற்றலாம். வகை மாறினால் மருந்தும் மாறும். அதனால்தான் திசுவைப் பார்த்து உறுதி செய்கிறார்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்வார்கள்.

கட்டியை அகற்ற முடியும் என்று தெளிவாகத் தெரிந்தால், ஊசிப் பரிசோதனை இல்லாமலேயே அறுவை சிகிச்சைக்குப் போவதும் உண்டு. அந்த முடிவுக்கும் சிடி ஸ்கேன்தான் அடிப்படை. கட்டி எந்த ரத்த நாளத்தைத் தொடுகிறது, வெட்டிய பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்பதை அது காட்டும். குணமாவதற்கான முக்கிய வாய்ப்பு அறுவை சிகிச்சை என்பதால் இது சின்ன விஷயமல்ல.

யாருக்கு ஆபத்து அதிகம்?

● ஹெப்படைடிஸ் பி, சி கிருமித்தொற்று உள்ளவர்கள்

● கல்லீரல் இறுகியவர்கள்

● கல்லீரலுக்குள் பித்தநாளக் கற்கள் உள்ளவர்கள்

● கல்லீரல் தட்டைப்புழுத் தொற்று உள்ளவர்கள்

கடைசிக் காரணம் நம் வட்டாரத்துக்கு நெருக்கமானது. வடகிழக்குத் தாய்லந்தில் ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் உண்டு. அதன்வழி இந்தப் புழு உடலுக்குள் போகிறது. உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகும் வட்டாரங்களில் அதுவும் ஒன்று. மீனை நன்றாகச் சமைத்தால் புழு செத்துவிடும்.

ஸ்கேனுக்கு முன் என்ன சொல்லணும்?

சிறுநீரகப் பிரச்சினை, மருந்து ஒவ்வாமை, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது, கர்ப்பம் - இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது உடம்பு சூடாவதுபோல் இருக்கும். சில நிமிடங்களில் அது சரியாகிவிடும்.

முடிவு வந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த வகை? எவ்வளவு உறுதி? அகற்ற முடியுமா?