குறியைத் தேடாதீர், கருவியை வினவுக

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறிக்கும் மரபில் பயின்ற நமக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் அந்நியமானவை அல்ல. கோப்பில் நாம் பதிவு செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அவை காக்கின்றன. ஆயின், தாம் நிற்கும் அடைவு அத்தகைய பணிப்படியா என்பதைத் தவறாகக் கணித்துக் கோப்புகளை அழிக்கும் ஷெல் நிரல்கள் பல. பதிவாகாத திருத்தம் அழிந்தால் அம்மென்பொருளாலும் மீட்க இயலாது.

பலரும் கையாளும் சோதனை, '.கிட்' என்னும் அடைவு உள்ளதா என்று பார்ப்பதே. இது போதாது என்பது எம் கருத்து. அவ்வடைவு பணிப்படியின் உச்சியில் மட்டுமே இருக்கும். உள்ளடைவில் தேடினால் அகப்படாது. 2015-இல் வந்த 'கிட் வொர்க்ட்ரீ' ஆணையால் உருவாகும் படிகளில் அது அடைவன்று, வெறும் கோப்பு. சப்வெர்ஷனோ முன்னர் ஒவ்வோர் அடைவிலும் '.எஸ்விஎன்' வைத்தது; 2011-இல் வெளிவந்த 1.7 பதிப்பு முதல் உச்சியில் மட்டுமே வைக்கிறது. பழைய வழக்கத்தை நம்பிய நிரல்கள் அதனால் பிழைபட்டன.

ஆகவே கருவியையே வினவுக. 'கிட் ரெவ்-பார்ஸ்' ஆணையை '--இஸ்-இன்சைட்-வொர்க்-ட்ரீ' என்னும் தெரிவுடன் இயக்கினால், பணிப்படிக்குள் 'ட்ரூ' என்று விடை வரும். ஆணை வெற்றியுற்றதா என்று மட்டும் பார்த்தல் தகாது, '.கிட்' அடைவுக்குள் நின்று கேட்டாலும் ஆணை வெற்றியே, விடையோ 'ஃபால்ஸ்'. சப்வெர்ஷனுக்கு 'எஸ்விஎன் இன்ஃபோ', மெர்க்யூரியலுக்கு 'எச்ஜி ரூட்' உதவும்.

இன்னொன்றும் உண்டு. 2022 முதல், பிறருக்கு உரிமையான அடைவில் கிட் விடையளிக்க மறுக்கும். மறுப்பு வேறு, இன்மை வேறு. ஐயம் எழுமாயின் நிரல் அழிக்காது நிற்பதே அறம்.