வாங்கிய பாட்டு யாருக்குச் சொந்தம்?

மில் தொழிலாளி ஒருவர் சம்பளத்தன்று பாட்டு சி.டி. ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார். ஷிப்டுக்குப் போகும் வழியிலும் கேட்கலாமென்று அதைத் தம் செல்போனில் பிரதி எடுத்துக் கொள்கிறார். இது திருட்டா?

1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் இது 2012ம் வருஷத் திருத்தத்தில்தான் வந்தது. நல்லதே.

ஆனால் அதே திருத்தம் 65ஏ என்ற பிரிவையும் கொண்டு வந்தது. பிரதி எடுக்க முடியாதபடி கம்பெனிகள் போடும் பூட்டுக்கு இது காவல். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்குத் திறக்கலாமாம். ஆனால் திறக்க உதவுகிறவர், யாருக்கு, எதற்கு உதவினார் என்று பேர், விலாசத்தோடு எழுதி வைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சாமானைத் திறந்து பார்க்க, கேடி லிஸ்ட் போல ஒரு நோட்டு!

பூட்டின் சாவி கம்பெனியிடம் இருந்தால் என்ன நடக்கும்? 2009 ஜூலையில் அமெரிக்க அமேஸான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தன் இடத்தில் இருந்தபடியே அழித்தது. (ஆர்வெலின் அரசியல் நமக்கு உடன்பாடானதல்ல, அது வேறு விஷயம்.) அவற்றைக் கடைக்குக் கொடுத்தவருக்கு உரிமை இல்லையென்பது காரணம். காசைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. அரிசிக் கடைக்காரர் ராத்திரியில் நம் பானையிலிருந்து அரிசியை அள்ளிக் கொண்டு, காசை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனால் ஊர் சும்மா இருக்குமா?

பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உரிமையை முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற கவிஞர்கள் உண்டு. சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு, அதை எழுதி வாங்கினாலும் செல்லாது என்று 2012 திருத்தம் செய்தது. அதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். தொழிலாளி தம் பாட்டைத் தம் செல்போனில் ஏற்றுவதால் அந்தப் பங்கு குறைந்து போகாது.

பேர், விலாசம் எழுதும் ஷரத்தைப் பார்லிமெண்டு ரத்து செய்ய வேண்டும். கொடுப்பது விற்பனையா, வெறும் வாடகையா என்பதைக் காசு வாங்கும் முன்பே கொட்டை எழுத்தில் சொல்லக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்பும்படி கேட்டுக் கொள்கிறோம்.