ரசீதுப் புத்தகம் யார் கையில்?

ஆலயக் கூரைக்கு நிதி சேர்ப்பதென்று முடிவானதுமே எல்லாக் கண்களும் குருவானவர் பக்கம் திரும்பிவிடுகின்றன. “ஃபாதர் வந்தாத்தான் குடுப்பாங்க” என்ற பேச்சு எங்கள் கட்டுகஸ்தோட்டையிலும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. அவர் படியேறினால் கதவு திறக்கும். ஆனால் திறந்தவர் அவரிடம் சொல்ல வருவது மகனுக்கு வேலை கிடைக்காததை, தாயின் நோயை. அந்த நேரத்தில் அவர் கையில் ரசீதுப் புத்தகம் இருக்கவே கூடாது. ஜெபம் முடிந்ததும் நீட்டப்படும் ஐந்நூறு ரூபாய் மனமுவந்த காணிக்கையா, கூச்சத்தில் கொடுத்ததா என்று கொடுத்தவருக்கே தெரியாது.

பணம் கேட்பது சபையார் வேலை. இருவர் இருவராகப் போகட்டும். ஒருவருக்காவது சிங்களம் நன்றாக வரட்டும். மாமியார் தமிழும் மருமகள் சிங்களமும் பேசும் வீடுகள் இங்கே இருக்கின்றன.

அப்படியானால் குருவானவருக்கு என்ன வேலை? ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தொண்டர்களோடு உட்கார்ந்து வீட்டுப் பட்டியலைப் பார்ப்பது. எந்த வீட்டில் துக்கம், எங்கே சம்பளம் நின்றுபோயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காரணம் சொல்லாமல், “இந்த வீட்டுக்கு இப்போ போக வேண்டாம்” என்றால் போதும். நிதிக்கு அவர் செய்யும் மிகப் பெரிய உதவி அதுதான்.

இன்னொன்று, குருவானவர்கள் மாறிப் போவார்கள். கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டியபோது ஃப்ரேசர் பாதிரியார் அதிபர். மறு வருடமே அவர் போய்விட்டார். கேஸ்டர் பாதிரியார் வரைந்த அந்தக் கல் தூண் ஆலயம் பிரதிஷ்டையானது 1935இல். இடையில் 12 வருடங்கள். தொடங்கியவர் போன பின்னும் வேலையைத் தொடர ஆட்கள் இருந்ததால்தான் அது இன்று நிற்கிறது. எங்கள் கூரைக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். வீடு வீடாக நடக்கும் அவர்களை மறக்கவும் கூடாது.

1854இல் கண்டிப் பக்கம் தோட்டத் தமிழர்களுக்கென்று மிஷன் தொடங்கியபோது, உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். செலவுக்குக் கொடுத்தவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் உபதேசியார்கள். நடப்பவர்களை மறந்துவிடுவது நம் பழைய பழக்கம். வெயிலில் படியேறி இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு தேத்தண்ணியும் பஸ் காசும் கொடுக்காத நிதிக்குழு, குழுவே அல்ல.

ரசீது விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வசூலுக்குப் போனபோது ஒரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் கொடுத்தார். “சின்னத் தொகைதானே அக்கா, ரசீது வேணுமா?” என்றான் கூட வந்த பையன். “எழுதுங்க தம்பி, எம் பேரும் அதுல இருக்கட்டும்” என்றார் அவர். கார்பன் தாளைச் சரிசெய்து, எழுத்துக்கு எழுத்து அவரிடம் கேட்டு எழுதினோம்.

ஆகவே நிதிக்குழுவிடம் ஒரு வேண்டுகோள். மாதா மாதம் கணக்கை இரண்டு மொழியிலும் ஆலய வாசலில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர்களைத் தொகைப்படி வரிசைப்படுத்தாமல், கொடுத்த நாள்படி போடுங்கள்.