பால் புட்டிக் கண்ணாடி கரையுமா?

"அக்கா, கண்ணாடிப் பால் புட்டியைத் தினமும் கொதிக்க வைக்கிறேன். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு குழந்தை வயித்துக்குள்ளே போயிடாதா?" என்று ஓர் இளம் தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சமையலறைக் கதை. 1913-ல் அமெரிக்காவில், கார்னிங் என்ற ஊரில், பெஸ்ஸி லிட்டில்டன் என்ற இல்லத்தரசியின் பேக்கிங் பாத்திரம் விரிசல் விட்டது. கணவர் ஜெஸ்ஸி அங்கே கண்ணாடித் தொழிற்சாலையில் விஞ்ஞானி. சூடு தாங்கும் கண்ணாடி ஏதாவது கொண்டுவரச் சொன்னார் பெஸ்ஸி. அவர் ஒரு பாட்டரி ஜாடியை அறுத்து, அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஸ்பாஞ்ச் கேக் அருமையாக வந்தது! 1915-ல் 'பைரெக்ஸ்' பாத்திரங்கள் கடைக்கு வந்துவிட்டன.

இது போரோசிலிகேட் கண்ணாடி. நூற்றுக்குச் சுமார் 81 பங்கு சிலிகா, 13 பங்கு போரான் ஆக்ஸைடு, மீதி சோடாவும் அலுமினாவும். சூடு பட்டால் சாதாரண டம்ளர் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும்.

ஆனால் போரானும் சோடாவும் அதிகமாகப் போன கலவையில் ஒரு வம்பு உண்டு. அதை 500, 600 டிகிரி சூட்டில் நெடுநேரம் வைத்தால், அசையாமல் வைத்த மோர் போல உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒன்று சிலிகா மிகுந்தது; மற்றது போரானும் சோடாவும் மிகுந்தது. வெளிப்பார்வைக்குப் பளிங்கு மாதிரியே இருக்கும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் பல சமயம் பிடிபடாது. 1931-ல் ஜெர்மனியில் பிறந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புதான் பின்னாளில் இதைக் காட்டிக்கொடுத்தது. கண்ணாடியை உடைத்து, புது முகத்தை அமிலத்தால் லேசாக அரித்துவிட்டுப் பார்ப்பார்கள்.

என்ன தெரியும் என்கிறீர்களா? சில கண்ணாடிகளில் பாயசத்தில் ஜவ்வரிசி போலத் தனித்தனித் துளிகள். அமிலமோ தண்ணீரோ அவற்றை எளிதில் எட்டாது. வேறு சிலவற்றில் இரண்டும் பின்னிப் பிணைந்து கிடக்கும். அமிலத்தில் போட்டால் போரான் பகுதி கரைந்து, காய்ந்த பீர்க்கங்கூடு போலச் சிலிகாக் கூடு மட்டும் மிஞ்சும். இதையே பயனாக்கி, 1930-களில் ஹூட், நார்ட்பெர்க் என்ற இருவர், 96 பங்கு சிலிகா கொண்ட கண்ணாடியைச் செய்தார்கள்.

நம் பாத்திரம் இப்படிப் பிரியாமல் காப்பது எது? கலவையின் அளவும், அதில் 2 பங்கு சேர்க்கும் அலுமினாவும்தான். சிறு சேர்க்கை, பெரிய காவல்!

ஆகவே, தங்கச்சி, பயப்படாதே. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான்; கண்ணாடி பிரிய அந்தச் சூடு போதவே போதாது. நல்ல போரோசிலிகேட் புட்டியிலிருந்து கரைவது மிக மிக அற்பம்.

தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை. புட்டி அவசியமானால், இவற்றைக் கவனியுங்கள்:

வாங்கும்போது 'போரோசிலிகேட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

புட்டியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பேற்ற வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே கொதிநீரில் போடாதீர்கள்.

விளிம்பு பெயர்ந்தாலும் கீறல் விழுந்தாலும், 'இன்னும் நாலு நாள் ஓடட்டும்' என்று வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். புட்டி போனால் வேறு வாங்கலாம்!