14.7 என்பது வேதவாக்கா?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்த எண்ணை மட்டும் நம்பி டர்போ பொருத்திய காரை டியூன் செய்யலாமா? கூடாது என்பேன்.

டர்போ, காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது, வெப்பமும் ஏறுகிறது. தீச்சுடர் பரவி வருமுன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கலாம். இதுவே 'நாக்கிங்'. இது நீடித்தால் பிஸ்டனே சேதமாகும். எனவே முழுச் சுமையில் விகிதத்தை 12க்கு அருகில் இறக்குவதுண்டு. மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது, மண்பானையில் கசியும் நீரைப் போல, வெப்பத்தைக் கவர்கிறது.

ஆனால், குறை எரிதலால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பெருகுமே! ஆகவே பெட்ரோலைக் கொட்டுமுன் இன்டர்கூலரால் காற்றைக் குளிர்வியுங்கள். அழுத்தத்தில் பேராசை வேண்டாம். எண்ணை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அது எந்த நிலைக்கு உரியது என்றும் கேளுங்கள். அதுதான் அறிவியல்.