இல்லம் பேணல்: மண்ணோட்டுத் தரைக்கு ஆசிட் ஆகாது



சென்ற திங்கள் இப்பகுதியில் கிணற்று நீரைப் பற்றி எழுதினோம். இத்திங்கள் அதனினும் தாழ்ந்த இடத்தில் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுத முற்படுகின்றோம். நாள்தோறும் நம் காலடியில் மிதிபடுவதாலேயே நாம் எண்ணிப் பாராத பொருள் அது. வீட்டின் தரையே அது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறத் தொடங்குமுன் நாம் கடக்கும் ஊர் கல்லாறு. வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள இவ்வாறு பெயருக்கேற்ப உருண்டைக் கற்களின்மேல் புரண்டோடுவது. மலையடிவாரமாதலின் மழைக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து மூச்சு விடுமுன் ஐப்பசி மழை வந்துவிடும். சுவரில் பாசியும் பெட்டியில் பூஞ்சணமும் அவ்வூர் இல்லத்தரசியருக்குப் பழகிப்போன விருந்தாளிகள். அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் வாடகைக்குக் குடியிருக்கும் பழைய வீடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கின்றோம். மேலே ஓடு, கீழேயும் ஓடு; தரை முழுவதும் சிவந்த சதுர மண்ணோடு.

மலையாளத்தார் இதனைத் தரையோடு என்பர். நம் ஊர்ப் பக்கத்தில் மொட்டை மாடியில் சுண்ணாம்புக் காரையின்மேல் பதிக்கும் தட்டோடு இதற்கு உடன்பிறப்பு. சிவப்புச் சிமெண்டுத் தரையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது சிமெண்டில் சிவப்பு ஆக்ஸைடுப் பொடியைக் கலந்து கரணையால் இழைத்தது, சூளையைக் கண்டதில்லை. ஆத்தங்குடிக் கல்லும் அவ்வாறே சிமெண்டுப் பிறவிதான். பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கருந்தரையோ வேறொரு குலம். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, மூலிகைச் சாறு ஆகியவற்றால் ஆக்கியது என்று அங்கே வழிகாட்டுவோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. முதலில் உங்கள் காலடியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இம்மண்ணோடு மேற்குக் கரையில் பரவிய கதை சுவையானது. பாசல் மிஷன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கிறித்தவச் சங்கத்தார் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்னும் தொழில் வல்லுநர் ஆற்றோரக் களிமண்ணின் தரத்தைக் கண்டு அதற்கு வித்திட்டவர். பின்னர்க் கோழிக்கோடு, பாலக்காடு, பெரோக் முதலிய இடங்களிலும் அவர்களது சூளைகள் எழுந்தன. கூரை ஓட்டோடு தரை ஓடும் அங்கே ஆயிற்று. முதல் உலகப் போரின்போது அரசினர் அத்தொழிற்சாலைகளைத் தம் வசமாக்கவே, அவை பின்னர்க் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறின. கொல்லத்துக் காயற்கரையிலும் ஓட்டுச் சூளைகள் பல புகைந்தன. இரயில் நிலையங்களில் காலங்கழிக்கும் எமக்கு, பழைய நிலையக் கட்டடங்களின் மேற்கூரையில் அம்மங்களூர் ஓட்டைக் காணும்போதெல்லாம் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை வந்தது 1918-இல்தான். ஓடு அதற்கு முன்பே காயல் வழியாகத் தோணியேறிப் பழகியிருந்தது.

இதே இனத்தில் இன்னும் கடினமானது ஒன்று உண்டு. அதனைக் குவாரி டைல் என்பர். பெயரைக் கேட்டு இது கல்வெட்டாங்குழியிலிருந்து வந்ததென்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. சதுரம் எனப் பொருள்படும் ஒரு பழைய ஐரோப்பியச் சொல்லின் திரிபே அப்பெயர். அதுவும் மண்தான், ஆனால் நெருக்கமாக அழுத்திக் கடுஞ்சூட்டில் வேகவைத்த மண். ஆதலின் அது நீரைக் குறைவாகவே குடிக்கும். சாதாரண மண்ணோடு தாகமுடையது. ஒரு சொட்டு நீரைத் தரையில் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்துவிட்டால் அது காப்புப் பூச்சில்லாத திறந்த ஓடு. முத்துப்போல் உருண்டு நின்றால் மேலே பூச்சோ மெழுகோ இருக்கிறது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. ஆயினும் தொழிலுக்கென வருவோரிலேயே பலர் இதனைச் செய்வதில்லை என்பது எம் வருத்தம்.

தரை ஏன் கறுக்கிறது? ஓட்டின் நுண்துளைகளில் எண்ணெயும் அடுப்புக் கரியும் கால் அழுக்கும் புகுவது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் நாமே ஆண்டுதோறும் பண்டிகைக்குப் பண்டிகை பூசும் சிவப்பு மெழுகுப் பாலிஷ். பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியது, அதன்மேல் இன்னும் புதியது. இடையிடையே சிறைப்பட்ட தூசி. இருபது ஆண்டு கழிந்தால் நாம் நடப்பது ஓட்டின்மேல் அன்று. அழுக்கு மெழுகின் மேலேயே.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம். கல்லாற்றில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, ஒன்பது ஆண்டு குடியிருந்த வீட்டைக் காலி செய்து நகரத்திற்கு மாற வேண்டியிருந்தது. மூத்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த முன்பணத்தை நம்பியே முதலாண்டுக் கட்டணத்திற்கு நாள் குறித்திருந்தார்கள். வீட்டை நல்லபடி ஒப்படைக்க வேண்டுமே என்னும் நல்லெண்ணத்தில், வீட்டுத் தலைவர் இயந்திரம் வைத்துத் தரை கழுவும் ஆட்களை அழைத்தார். வந்தவர்கள் கேள்வி ஏதும் கேட்கவில்லை. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தரை முழுவதும் ஊற்றித் தேய்த்தார்கள். நுரை பொங்கியது, அழுக்கு பறந்தது, மாலைக்குள் தரை இரத்தினம்போல் சிவந்தது. அன்றிரவே பளபளக்கும் வார்னிஷ் ஒன்றையும் பூசிக் கூலி வாங்கிச் சென்றார்கள்.

பத்து நாள் கழித்துத் தரையெங்கும் வெண்மை பூத்தது. வார்னிஷ் கொப்புளித்தது. கால் பட்ட இடங்களில் ஓட்டின் மேற்புறம் அப்பளம்போல் பொருக்கு விட்டது. வந்து பார்த்த வீட்டுக்காரர், "தம்பி, இத்தரை என் அப்பன் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. குடியிருந்தவரையும் குறை கூற இயலவில்லை. ஆனால் கட்டணம் கட்டும் நாள் இவருக்காகவும் நிற்கவில்லை, அவருக்காகவும் நிற்கவில்லை. அம்மாளின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

என்ன நடந்தது என்பதை விளக்குவோம். பழைய வீடுகளில் ஓட்டைச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பர்; அடியில் மணலும் மண்ணுமே; ஈரந்தடுக்கும் விரிப்பு ஏதும் கிடையாது. ஆசிட் முதலில் தின்றது அச்சுண்ணாம்பை. அன்று பொங்கிய நுரையில் அழுக்கைவிடச் சுண்ணாம்பின் கூக்குரலே மிகுதி. ஆசிட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு என்னும் உப்பு உண்டாகும். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக் குடிக்கும் இயல்புடையது. ஆகவே அத்தரை எளிதில் காயாது. இது போதாதென்று, கீழிருந்து மேலேறும் நிலத்தடி ஈரத்திற்கு வெளியேற வழியின்றி வார்னிஷ் மூடிவிட்டது. உப்புநீர் ஓட்டின் மேற்றோலுக்கு அடியிலேயே வற்றிப் படிகமாகும்போது அப்படிகம் விரிந்து ஓட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெடிவைத்துப் பாறை பிளப்பதன் சிறு வடிவம் என்க.

மற்றோர் எச்சரிக்கை. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் உளர். அவ்விரண்டும் கலந்தால் எழுவது குளோரின் நச்சுப்புகை. கதவடைத்த அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். குழந்தைகள் தவழும் வீட்டில் இதனை விளையாட்டாக எண்ணற்க.

முறையறிந்த தொழிலாளர் செய்யும் வகை வேறு. அவர்கள் முதலில் பீரோவுக்குப் பின்னாலோ கதவு மூலையிலோ இரண்டு ஓடுகளை மட்டும் தூய்மை செய்து காட்டுவர். அது பிடித்திருந்தாலன்றி மேலே கை வைப்பதில்லை. ஆசிட்டுக்கு மாறாகக் காரத்தன்மையுள்ள கழுவுநீரை ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் காயவிடாமல் ஊறவைப்பர். பழைய மெழுகு அப்போது நெகிழ்ந்து கூழாகும். கெட்டிப்பட்ட மெழுகுக்கு டர்பன்டைன் போன்ற கரைப்பான் வேண்டியிருக்கும். பின்னர் மெதுவாகச் சுழலும் தூரிகை இயந்திரம். சாணைக்கல் வைத்து அரைப்பது கூடாது. சூளை தந்த மேற்றோலே ஓட்டின் கவசம், அதனை உரித்தால் உள்ளே இருப்பது மென்மண். சிறு அறைக்குத் தேங்காய் நாரும் கைவலிமையுமே போதும் என்பது எம் கருத்து, இயந்திரக்காரர் கோபித்துக்கொள்ளக்கூடும்.

இவற்றுள் பலரும் விட்டுவிடும் படி ஒன்றுண்டு. தேய்த்தெடுத்த அழுக்குக் கூழைத் தரையிலேயே துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தால் அது மீண்டும் துளைகளுக்குள் புகுந்துவிடும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தாலோ, அஃதில்லையெனில் பழந்துணியால் ஒற்றியோ உடனுக்குடன் அகற்ற வேண்டும். அதன்பின் நல்ல நீரால் இருமுறை அலச வேண்டும்.

பிறகு பொறுமை. தரை கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தோன்றும், உள்ளே காய்ந்திராது. ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாற்புறமும் ஒட்டுத்தாளால் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. கல்லாறு போன்ற மழையூரில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் மாசி வரை. ஆடியில் எவரேனும் காப்புப் பூச வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெண்ணுப்பு பூத்தால் ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுக்கவும். நீர் பட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். சில வாரம் பூத்துப் பூத்து அது தானே ஓயும். அதற்குப் பின்னரே காப்பு.

காப்பிலும் இரண்டு வகை. மேலே தோல்போல் படிவது ஒன்று. ஓட்டின் துளைகளுக்குள் ஊறி நீரையும் எண்ணெயையும் தடுத்து, ஆவியை மட்டும் வெளிவிடுவது மற்றொன்று. அடியில் ஈரந்தடுப்பு இல்லாத பழந்தரைக்கு இரண்டாம் வகையே ஏற்றது. மெல்லியதாகப் பூசி, ஓடு குடித்தது போக மிஞ்சியதைச் சில நிமிடங்களுக்குள் துடைத்தெடுக்க வேண்டும், விட்டுவிட்டால் பிசுபிசுக்கும். முற்காலத்தில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து மேலே மெழுகிட்டனர். இன்றும் அதனால் அழகு கூடும். தரை சற்றுக் கறுக்கும், அவ்வளவே. ஆனால் அவ்வெண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அச்சூடு தங்கித் தானே தீப்பற்றும். நீரில் நனைத்தோ வெளியே கொடியில் விரித்துப் போட்டோ உலர்த்துக.

அக்குடும்பத்திற்கு மீண்டும் வருவோம். விதுரைப் பக்கத்து முதிய கொத்தனார் ஒருவர், நம்மவர் எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்பவர், வந்து பார்த்தார். வார்னிஷைக் கரைத்து எடுத்து, பலமுறை நல்ல நீரில் ஒற்றி எடுத்து, தரையைத் தை மாதம் வரை திறந்து போடச் சொன்னார். இணைப்புகளில் புதுச் சுண்ணாம்புக் காரை நிரப்பினார்; சிமெண்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிமெண்டு ஓட்டைவிடக் கடினமாதலின் ஈரம் ஓட்டின் வழியாகவே ஏறி ஓட்டையே கெடுக்கும் என்பது அவர் அனுபவம். பொருக்கு விட்ட பதினாறு ஓடுகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் முன்பணத்தில் பாதியை உடனே கொடுத்தார். மாசியில் தரையைப் பார்த்துவிட்டு, ஓட்டு விலையைக் கழித்துக்கொண்டு மீதியையும் கொடுத்தார். வளையல்களில் ஒன்று மீண்டது. மற்றொன்று வட்டியோடு போயிற்று.

வாடகைக்குக் குடியிருப்போர் தரையில் எவ்வேலை செய்வதாயினும் வீட்டுக்காரரிடம் முன்னரே சொல்லி, எவர் செலவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று. "சேட்டன் நல்லவர், எழுத்து எதற்கு" என்று நம்மவர் கூச்சப்படுகின்றனர். நல்லவரிடத்தில்தான் எழுத்து எளிதாக முடியும். குடிபுகும் நாளன்றே தரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் இந்நாளில் கைபேசியால் ஆகக்கூடிய காரியமே.

அன்றாடத்திற்கு மென்மையான சோப்பு நீரும் நன்றாகப் பிழிந்த துணியும் போதும். வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை இத்தரையில் விட்டுவிடுங்கள். வாசலில் தேங்காய் நார் மிதியடி ஒன்று போட்டால் அழுக்கு மணல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

மாற்று ஓடு தேடுவோருக்கு ஒரு சொல். புதிய ஓடு நிறத்தாலும் கனத்தாலும் பழையதோடு ஒத்துப்போவது அரிது. பழைய வீடுகளை இடித்த சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றின் அடிப்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும்; உங்கள் வீட்டு ஓட்டின் பெயரோடு அது ஒத்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அளவு நாடா கொண்டு போக மறவாதீர்கள். கனத்தையும் சேர்த்து அளக்கவும். அண்ணாச்சி அப்பதினாறு ஓடுகளை நெடுமங்காட்டில் ஒரு கடையின் பின்கட்டில், வாழைத்தாருக்கு அடியில் கண்டெடுத்தார். கூடுதலாக நான்கும் வாங்கி, அவ்வீட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறார்.